ஆண், பெண் இனப்பெருக்க உறுப்புகள் நுண்ணோக்கியில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவம், செவிலியம், ஆய்வக நுட்பம் படிக்கிறவர்கள் திசுவியலில் அதிகம் தடுமாறுவது இந்தப் பாடத்தில்தான். பெயர்களை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்ததும் எதுவும் பிடிபடுவதில்லை. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. பாடமாகப் படிக்காதவர்களும் தொடர்ந்து வரும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

ஒரே உறுப்பின் படம் ஒவ்வொரு புத்தகத்திலும் வேறு மாதிரி இருக்கிறதே, ஏன்?

வெட்டிய கோணமும் சாயமும் ஓரளவு காரணம். பெரிய காரணம் காலம். கல்லீரலை இன்று வெட்டிப் பார்த்தாலும் இரண்டு வாரம் கழித்துப் பார்த்தாலும் ஏறத்தாழ ஒரே காட்சிதான். கருப்பையின் உட்சவ்வு அப்படியில்லை. மாதவிடாய் முடிந்த வாரத்தில் எடுத்த திசுவையும் மூன்றாவது வாரத்தில் எடுத்த திசுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒரே பெண்ணின் ஒரே உறுப்பு என்று நம்புவதே கடினம். சூலகமும் விந்தகமும் வயதுக்கும் ஹார்மோனுக்கும் ஏற்ப மாறுகின்றன.

அதனால் இந்தப் பாடத்தில் "இது என்ன செல்?" என்ற கேள்விக்கு முன்னால் "இது எந்த வயது, சுழற்சியின் எந்த நாள்?" என்று கேட்கப் பழக வேண்டும். கருப்பைத் திசுவை ஆய்வகத்துக்கு அனுப்பும் படிவத்தில் கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்பது இதற்காகத்தான்.

ஸ்லைடில் தெரியும் ஊதாவும் இளஞ்சிவப்பும் திசுவின் சொந்த நிறமா?

இல்லை, சாயம். ஹெமடாக்சிலின் உட்கருவை நீல ஊதாவாக்கும். ஈயோசின் சைட்டோபிளாசத்தையும் கொல்லாஜன் இழைகளையும் இளஞ்சிவப்பாக்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: திசுவைப் பதப்படுத்தும்போது கொழுப்பு கரைந்துபோகும், கிளைக்கோஜனும் பெரும்பாலும் போய்விடும். அவை இருந்த இடம் வெறுமையாகத் தெரியும். இந்த உறுப்புகளில் இப்படி 'காலியாக' இருக்கும் இடங்கள் பல முறை வரும். ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு.

விந்தகத்தின் வெட்டுத்தோற்றத்தில் நிறைய வட்டங்கள் தெரிகின்றன. அவை தனித்தனி உறுப்புகளா?

எல்லாம் விந்து நுண்குழல்களின் வெட்டுமுகங்கள். நூல்கண்டைக் குறுக்கே வெட்டினால் ஒரே நூல் பல புள்ளிகளாகவும் நீள்வட்டங்களாகவும் தெரிவதுபோல, சுருண்டு கிடக்கும் ஒரே குழல் பல இடங்களில் வெட்டுப்படுகிறது. ஒரு விந்தகத்துக்குள் ஏறத்தாழ 250 சிற்றறைகள். ஒவ்வொன்றிலும் 1 முதல் 4 குழல்கள். குழல் ஒன்றின் நீளம் 30 முதல் 70 செ.மீ. வரை, குறுக்களவு கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. குழலைச் சுற்றித் தட்டையான, சுருங்கக்கூடிய செல்கள் சில அடுக்குகளாக இருக்கும். உள்ளே உருவாகும் விந்தணுவுக்கு நீந்தும் திறன் இன்னும் வரவில்லை. குழலின் திரவமும் இந்தச் செல்களின் சுருக்கமும்தான் அதை வெளியே நகர்த்துகின்றன.

குழலுக்குள் எல்லாச் செல்லும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எப்படிப் பிரித்தறிவது?

வெளிச் சுவரிலிருந்து நடுவை நோக்கிப் படியுங்கள். சுவரை ஒட்டி ஸ்பெர்மட்டோகோனியங்கள்: சிறிய, உருண்டை உட்கரு. இவை தாய்ச் செல்கள். சில பிரிந்து தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும், சில அடுத்த கட்டத்துக்குப் போகும்.

அதற்கு உள்ளே முதல்நிலை ஸ்பெர்மட்டோசைட்டுகள். குழலிலேயே பெரிய உட்கரு இவற்றுக்குத்தான். குரோமோசோம்கள் தடித்த நூல்களாகத் தெரியும், ஏனென்றால் குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் மியாசிஸ் பகுப்பின் முதல் கட்டத்தில் இவை மூன்று வாரத்துக்கும் மேல் நிற்கின்றன. எந்த ஸ்லைடிலும் இவை நிறையக் கண்ணில் படுவதற்கு இதுதான் காரணம். அடுத்து வரும் இரண்டாம்நிலை ஸ்பெர்மட்டோசைட்டைத் தேடி மாணவர்கள் நேரத்தை வீணாக்குவார்கள். அது சில மணி நேரத்திலேயே பிரிந்துவிடுகிறது. கிடைக்காவிட்டால் வருத்தப்படாமல் மேலே போங்கள்.

நடுவுக்கு அருகில் ஸ்பெர்மாட்டிடுகள். முதலில் சிறு உருண்டை, பிறகு நீண்டு ஒடுங்கும். அவற்றில் இனிப் பகுப்பு கிடையாது, உருமாற்றம் மட்டும்தான்: உட்கரு இறுகுகிறது, கோல்கி உறுப்பிலிருந்து அக்ரோசோம் என்ற தொப்பி உருவாகிறது, வால் முளைக்கிறது, மைட்டோகாண்ட்ரியாக்கள் வாலின் தொடக்கத்தைச் சுற்றிச் சுருளாக அமைகின்றன. மிச்சமாகும் சைட்டோபிளாசம் கழற்றி விடப்படுகிறது.

இதில் இன்னொரு அழகான ஏற்பாடு இருக்கிறது. பிரிந்த செல்கள் முழுதாகப் பிரிவதில்லை. மெல்லிய சைட்டோபிளாசப் பாலங்களால் இணைந்தே இருக்கின்றன. ஒரு ஸ்பெர்மாட்டிடில் இருப்பது எக்ஸ், ஒய் குரோமோசோம்களில் ஒன்று மட்டுமே. பாலம் வழியாகப் பொருள்கள் பகிரப்படுவதால், தன்னிடம் இல்லாத மரபணுவின் விளைபொருளும் அதற்குக் கிடைக்கிறது.

செர்டோலி செல்லை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள்?

இந்தச் செல் இல்லாமல் விந்தணு இல்லை என்பதால்தான். இத்தாலியரான என்ரிகோ செர்டோலி 1865-இல் இதை விவரித்தார். குழலின் சுவரில் தொடங்கி நடுவரை உயர்ந்து நிற்கும் பெரிய செல் இது. ஆனால் சாதாரண நுண்ணோக்கியில் அதன் எல்லைக்கோடு தெரியாது. மற்றச் செல்கள் அதன் பக்கவாட்டில் புதைந்திருப்பதால் வடிவம் மறைந்துவிடும். வெளிறிய, முட்டை அல்லது முக்கோண வடிவ உட்கருவும் அதற்குள் பளிச்சென்று தெரியும் நியூக்ளியோலஸ் என்ற அடர்ந்த புள்ளியும்தான் அடையாளம்.

பக்கத்துப் பக்கத்துச் செர்டோலி செல்கள் அடிப்பகுதிக்குச் சற்று மேலே இறுக்கமான இணைப்புகளால் பூட்டிக்கொள்கின்றன. குழலின் உட்பகுதி அங்கே இரண்டாகப் பிரிகிறது: ஸ்பெர்மட்டோகோனியங்கள் இருக்கும் வெளி அறை, மியாசிஸ் நடக்கும் உள் அறை. இதுதான் இரத்த விந்தகத் தடுப்பு. குழந்தைப் பருவத்திலேயே நோய் எதிர்ப்பு மண்டலம் 'இவை நம் செல்கள்' என்று கற்றுக்கொண்டுவிடுகிறது. விந்தணு உருவாவதோ பருவமடைந்த பிறகு. புதிதாக வரும் அதன் புரதங்களை உடல் அந்நியமாகப் பார்த்துத் தாக்கக்கூடும். தடுப்பு அதிலிருந்து காக்கிறது. சரி, செல்கள் வெளி அறையிலிருந்து உள் அறைக்குப் போகத்தானே வேண்டும்? போகின்றன. கடக்கும் செல்லுக்குப் பின்னால் புதிய இணைப்பு உருவான பிறகே முன்னால் உள்ள பழைய இணைப்பு திறக்கிறது. ஒரு கணமும் தடுப்பு விலகுவதில்லை. திசுவியலில் என்னை இன்றும் வியக்க வைப்பது இந்த ஏற்பாடுதான்.

சில குழல்களில் முதிர்ந்த விந்தணுவே தெரியவில்லை. அது நோயா?

அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஒரு தாய்ச் செல் விந்தணுவாக 64 முதல் 74 நாள் ஆகும். எந்தக் கட்டத்திலிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும். குழலின் ஒவ்வொரு இடத்திலும் 16 நாளுக்கு ஒரு முறை புதிய தொகுதி தொடங்குகிறது. எல்லா இடங்களும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. எலியில் குழலின் ஒரு நீளத் துண்டு முழுவதும் ஒரே கட்டத்தில் இருக்கும். மனிதனில் சிறு சிறு திட்டுகளாகக் கலந்திருக்கும். ஒரே வட்டத்தின் ஒரு பக்கத்தில் நீண்ட ஸ்பெர்மாட்டிடும் எதிர்ப்பக்கத்தில் உருண்டையானதும் இருப்பது இயல்பு. எலியின் படத்தைப் பார்த்துப் படித்துவிட்டு மனித ஸ்லைடுக்கு வருகிறவர்கள் குழம்புவது இங்கேதான்.

இந்த நாள்கணக்குக்கு நடைமுறையிலும் பயன் உண்டு. கடுங்காய்ச்சலின் பாதிப்பு விந்துப் பரிசோதனையில் சில வாரங்கள் கழித்துத் தெரியும். சிகிச்சையின் பலனைப் பார்க்கவும் ஏறத்தாழ மூன்று மாதம் பொறுத்திருக்க வேண்டும்.

குழல்களுக்கு இடையில் கொத்துக் கொத்தாக இருக்கும் இளஞ்சிவப்புச் செல்கள்?

லீடிக் செல்கள். ஃபிரான்ஸ் லீடிக் 1850-இல் விவரித்தவை. டெஸ்டோஸ்டிரோன் இங்கிருந்துதான் வருகிறது. ஸ்டீராய்டு ஹார்மோன் செய்யும் செல்களுக்கே உரிய கொழுப்புத் துளிகள் கரைந்துபோனதால் சைட்டோபிளாசம் பல நேரம் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். மனித லீடிக் செல்களில் ரெய்ன்கே படிகங்கள் என்ற சிறு குச்சிகளையும் காணலாம். கருவில் ஆண் உறுப்புகள் உருவாகும்போது இவை மும்முரமாக இருக்கும், பிறகு ஒடுங்கிவிடும், பருவமடையும்போது மீண்டும் தோன்றும். அதனால் சிறுவனின் விந்தகத்தில் இவற்றைத் தேடினால் எளிதில் கிடைக்காது.

எபிடிடிமிஸையும் விந்து நாளத்தையும் எப்படி வேறுபடுத்துவது?

எபிடிடிமிஸ் (விந்தகத்தை ஒட்டிச் சுருண்டிருக்கும் குழல்): உள்வெளி, அதாவது நடுத் துளை, அகலமானது, ஒழுங்கான விளிம்பு, உயரமான செல்கள், அவற்றின் மேல் ஸ்டீரியோசிலியா என்ற நீண்ட மயிர் போன்ற நீட்சிகள். இவை அசைவதில்லை, திரவத்தை உறிஞ்சுவதற்கான பரப்பைப் பெருக்குகின்றன. பல மீட்டர் நீளமுள்ள இந்த ஒற்றைக் குழலைக் கடந்து வரும்போதுதான் விந்தணுவுக்கு நீந்தும் திறன் வருகிறது.

விந்து நாளம்: உள்வெளி குறுகல், சுவரோ மிகத் தடிப்பு. உள்ளே நீளவாக்கு, நடுவில் வட்டவாக்கு, வெளியே மறுபடி நீளவாக்கு என மூன்று அடுக்கு மென்தசை. தடித்த தசை, சிறிய துளை என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

விந்துப்பையில்தான் விந்தணு சேமிக்கப்படுகிறதா?

இல்லை. அது ஒரு சுரப்பி. விந்துத் திரவத்தின் பெரும்பகுதியும் விந்தணுவுக்கு எரிபொருளாகும் ஃபிரக்டோஸும் இங்கிருந்து வருகின்றன. விந்தணு காத்திருப்பது எபிடிடிமிஸின் வால் பகுதியில். விந்துப்பையின் உட்சவ்வு மடிந்து, மடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலைக்கண்கள் போல் தெரியும்.

புராஸ்டேட்டில் 30 முதல் 50 சுரப்பிகள், அவற்றைச் சுற்றி மென்தசை கலந்த தடித்த இணைப்புத் திசு. சுரப்பிகளுக்குள் அடுக்கடுக்கான இளஞ்சிவப்பு உருண்டைகள் தெரிந்தால் அவை கார்ப்போரா அமைலேசியா. வயதாக ஆகக் கூடும், தீங்கில்லை. சிறுநீர்த் தாரையைச் சுற்றிய இடைமாறு மண்டலத்தில் முதுமையில் வீக்கம் வரும். அதனால்தான் அது சீக்கிரமே சிறுநீரை அடைக்கிறது. புற்றுநோய் பெரும்பாலும் வெளி மண்டலத்தில் தொடங்குவதால் நெடுநாள் அறிகுறி இல்லாமல் இருக்கலாம். நுண்ணமைப்பின் மண்டலங்கள் நோயாளியின் அனுபவத்தையே தீர்மானிப்பதற்கு இது நல்ல உதாரணம்.

சூலகத்தில் ஃபாலிக்கிள்களை எந்த வரிசையில் பார்ப்பது?

ஃபாலிக்கிள் என்பது முட்டையும் அதைச் சுற்றிய செல்களும் சேர்ந்த அமைப்பு. சூலகத்தின் வெளிப்பகுதியான புறணியின் ஓரத்தில் தொடங்குங்கள். அங்கே தொடக்கநிலை ஃபாலிக்கிள்கள் கூட்டமாக இருக்கும்: நடுவில் ஒரு கருமுட்டை, சுற்றிலும் ஒரே அடுக்காகத் தட்டைச் செல்கள். அந்தத் தட்டைச் செல்கள் கனசதுரமானால் முதல்நிலை. இந்தக் கட்டத்தில் முட்டையைச் சுற்றிப் பளபளப்பான இளஞ்சிவப்பு வளையம், சோனா பெலுசிடா, தோன்றுகிறது. அந்தச் செல்கள் பல அடுக்காகி கிரானுலோசா ஆகும். வெளியே தீக்கா உறை சேரும். அப்புறம் செல்களுக்கு நடுவே திரவம் தேங்கி ஒரு பள்ளம் உருவாகும். முதிர்ந்த கிராஃபியன் ஃபாலிக்கிள் 2 செ.மீ. அளவுக்கு வளரும், முட்டை ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும்.

தீக்காவும் கிரானுலோசாவும் ஏன் ஒட்டி நிற்கின்றன? ஈஸ்ட்ரோஜன் செய்ய இரண்டும் தேவை. தீக்கா ஆண்ட்ரோஜனைச் செய்து கொடுக்கிறது; கிரானுலோசா அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. இரத்தக் குழாய்கள் தீக்காவரைதான் வரும், கிரானுலோசாவுக்குள் நுழையாது.

முட்டைகள் எல்லாம் பிறக்கும்போதே இருக்கின்றன என்பது உண்மையா? மற்றவை எங்கே போகின்றன?

உண்மைதான். கருவின் ஐந்தாம் மாத வாக்கில் 60, 70 லட்சம் வரை இருந்து, பிறக்கும்போது 10 முதல் 20 லட்சமாகக் குறைகின்றன. பருவமடையும்போது சில லட்சம். வாழ்நாளில் வெளிவருவது ஏறத்தாழ 400. மற்றவை அட்ரீசியா என்ற சிதைவில் மறைகின்றன. சுருங்கிய முட்டையும், நொறுங்கிய கிரானுலோசாவும், தடித்து மடங்கிய சோனா பெலுசிடாவும் ஸ்லைடில் தெரிந்தால் அதுதான். நலமான சூலகத்திலும் இதை நிறையப் பார்க்கலாம்.

எல்லா முட்டைகளும் மியாசிஸின் முதல் கட்டத்தில் நின்றுபோனவை. 40 வயதில் வெளிவரும் முட்டை 40 ஆண்டுக்கும் மேலாக அதே நிலையில் காத்திருந்திருக்கிறது. வயது கூடும்போது குரோமோசோம் பிரிவதில் தவறுகள் அதிகமாவதற்கு இந்த நீண்ட காத்திருப்பு ஒரு முக்கியக் காரணம். முதல் பகுப்பு முட்டை வெளிவருவதற்குச் சற்று முன் முடிகிறது. இரண்டாவது, விந்தணு நுழைந்தால் மட்டுமே.

கருமுட்டையை வெறும் கண்ணால் பார்க்க முடியுமா?

முதிர்ந்த முட்டையின் குறுக்களவு 0.1 மி.மீ.க்குச் சற்று மேல். நல்ல வெளிச்சத்தில் புள்ளியாகத் தெரியலாம். விந்தணுவின் தலையோ 5 மைக்ரோமீட்டர்தான். வியப்பு என்னவென்றால், சிறிய விந்தணுவை லேவன்ஹூக் 1677-இலேயே பார்த்துவிட்டார். பாலூட்டியின் முட்டையைக் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர் கண்டறிந்தது 1827-இல். முட்டை ஃபாலிக்கிளுக்குள் ஒளிந்திருந்ததால், அதற்கு முன் பலர் ஃபாலிக்கிளையே முட்டை என்று எண்ணியிருந்தார்கள்.

முட்டை வெளிவந்த பிறகு அந்த ஃபாலிக்கிள் என்ன ஆகிறது?

மடிந்து கார்ப்பஸ் லூட்டியமாக மாறுகிறது. இரத்தக் குழாய்கள் இப்போது கிரானுலோசாவுக்குள்ளும் நுழைகின்றன. அந்தச் செல்கள் பெருத்து வெளிறிப்போகும். ஓரங்களிலும் மடிப்புகளிலும் உள்ள சிறிய, அடர்ந்த செல்கள் தீக்காவிலிருந்து வந்தவை. புரோஜெஸ்டிரான் சுரக்கும் இந்த உறுப்பு, கரு தங்காவிட்டால் இரண்டு வாரத்தில் அழிந்து, கார்ப்பஸ் அல்பிகன்ஸ் என்ற வெளிறிய தழும்பாகிறது.

கருப்பை உட்சவ்வைப் பார்த்து நாள் சொல்வார்களாமே, எப்படி?

1950-இல் நாய்ஸ், ஹெர்டிக், ராக் மூவரும் வகுத்த அளவுகோல் அது. 28 நாள் சுழற்சியில், மாதவிடாய் முடிந்ததும் சவ்வு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்திருக்கும். 14-ஆம் நாள் வரை ஈஸ்ட்ரோஜனின் ஆட்சி: சுரப்பிகள் நேராக, குறுகலாக இருக்கும், பிரியும் செல்கள் நிறையத் தெரியும். இந்தப் பகுதியில் நாளைத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

முட்டை வெளிவந்த பிறகு நாளுக்கு நாள் மாற்றம். 17-ஆம் நாள் வாக்கில் சுரப்பிச் செல்களின் உட்கருவுக்குக் கீழே வெற்றுக் குமிழ்கள் வரிசையாக நிற்கும். கிளைக்கோஜன் இருந்து கரைந்த இடம் அது. முட்டை வெளிவந்ததற்கு இந்த ஸ்லைடில் கிடைக்கும் முதல் நல்ல சான்று. 19, 20-இல் குமிழ்கள் மேலேறிச் சுரப்பு உள்வெளியில் கொட்டும். சுரப்பிகள் ரம்பப் பல் போல் வளையும். 22-இல் இடைத்திசு நீர்கோத்து வீங்கும். 23-இல் சுருள் தமனிகளைச் சுற்றியுள்ள செல்கள் பெருத்து டெசிடுவா (கர்ப்பகால உட்சவ்வு) போல மாறத் தொடங்கும். கடைசியில் புரோஜெஸ்டிரான் விலக, சுருள் தமனிகள் இறுகி, மேலடுக்கு உதிர்கிறது. அடியடுக்குக்கு இரத்தம் தரும் நேர்த் தமனிகள் அப்படி இறுகுவதில்லை. அதனால் அது தங்கி அடுத்த சவ்வை வளர்க்கிறது.

ஒரு நாள் இரண்டு நாள் வித்தியாசத்தை வைத்து மலட்டுத்தன்மைக்குக் காரணம் சொன்ன காலம் உண்டு. குழந்தைப்பேற்றில் சிக்கல் இல்லாத பெண்களிடமும் அதே வித்தியாசம் காணப்படுவதால், இப்போது அந்த நோக்கத்துக்கு இந்தச் சோதனையைப் பரிந்துரைப்பதில்லை. மாற்றங்களின் வரிசையைப் புரிந்துகொள்ள மட்டும் இது இன்னும் சிறந்த வழி.

கருக்குழாயும் விந்துப்பையும் ஸ்லைடில் ஒன்றுபோல இருக்கின்றனவே?

இரண்டிலும் மடிப்புகள் சிக்கலாக இருப்பதால் வரும் குழப்பம். பெரிய உருப்பெருக்கத்துக்குப் போங்கள். கருக்குழாயில் சிலியா என்ற அசையும் நுண்மயிர்கள் உள்ள செல்களும் அவற்றுக்கிடையே ஒடுங்கிய சுரப்புச் செல்களும் கலந்திருக்கும். விந்துப்பையில் சிலியா இல்லை. செல்களுக்குள் மஞ்சள் பழுப்பு நிறமித் துகள்களைக் காணலாம். கருக்குழாயின் சிலியா கருப்பையை நோக்கி அடிக்கும். கருத்தரிப்பு வழக்கமாக நடக்கும் ஆம்புல்லா என்ற அகன்ற பகுதியில் மடிப்புகள் மிக அதிகம், தசை மெல்லியது. கருப்பையை நெருங்க நெருங்க இது தலைகீழாகும்.

பாப் பரிசோதனையில் (கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் சோதனை) ஏன் கருப்பைவாயின் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் செல் எடுக்கிறார்கள்?

கருப்பைவாயின் உட்கால்வாயில் கோழை சுரக்கும் ஒற்றை அடுக்கு உயரச் செல்கள். வெளிப்புறத்தில் பல அடுக்குத் தட்டைச் செல்கள். பருவமடையும்போது உட்புறச் செல்கள் சற்று வெளியே வந்து, யோனியின் அமிலச் சூழலில் மெல்ல மெல்லத் தட்டைச் செல்களாக மாறுகின்றன. இந்த மாற்ற மண்டலத்தில் முதிராத செல்கள் அதிகம். மனித பாப்பிலோமா வைரஸ் எளிதில் பற்றுவதும், கருப்பைவாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவதும் இங்கே. மாதவிடாய் நின்ற பிறகு இந்த மண்டலம் கால்வாய்க்குள் போய்விடுவதால் செல் எடுப்பது சற்றுக் கடினமாகும்.

யோனியில் சுரப்பிகள் உண்டா?

சுவரில் இல்லை. ஈரம் கருப்பைவாயின் கோழையிலிருந்தும் இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரிலிருந்தும் வருகிறது. வாயிலருகே உள்ள சுரப்பிகளும் உதவும். மேற்செல்களில் கிளைக்கோஜன் நிறைய. லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் அதன் உதவியால் லாக்டிக் அமிலம் செய்து பிஎச் அளவை 4-ஐ ஒட்டி வைத்துக் கிருமிகளைத் தடுக்கின்றன.

வயதானவர்களின் ஸ்லைடில் எதை எதிர்பார்க்கலாம்?

ஆணில் விந்தணு உற்பத்தி தொடர்ந்தாலும் குழல்களின் சுவர் தடிக்கும். சில குழல்களில் செர்டோலி செல்கள் மட்டும் எஞ்சும். லீடிக் செல்கள் குறையும். பெண்ணில் மாற்றம் இன்னும் தெளிவு: சூலகத்தில் ஃபாலிக்கிள் கிடையாது, தழும்புகள்தான், யோனியின் எபிதீலியம் (மேற்செல் அடுக்கு) மெலியும், கருப்பை உட்சவ்வு மெல்லிய கோடாகச் சுருங்கும். 60 வயதுப் பெண்ணின் உட்சவ்வில் நேரான சுரப்பிகளும் பிரியும் செல்களும் தெரிந்தால், 30 வயதில் இயல்பான அதே காட்சி இப்போது விளக்கம் கேட்கிறது. ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது: ஹார்மோன் மாத்திரையா, மிகுந்த கொழுப்புத் திசுவா, சூலகத்தில் ஹார்மோன் சுரக்கும் கட்டியா என்று மருத்துவர் தேடத் தொடங்குவார்.